வெறுங்கையில் அகப்பட்ட குளவிகள்

ஐந்தாம் மாடிப் பாலன் குளவி கொட்டிச் சாகவில்லை என்று குளவி நிர்ணய மன்றம் அறிவித்தது. அவனைக் கொன்றது கேஸ் தோங், அவன் சுமந்த சமையல் வாயு உருளை.

அவன் தோளில் கேஸ் தோங்கோடு படி ஏறிக்கொண்டிருந்தது உண்மை. நான்காம் மாடியில் கன்னையா வீட்டு வாசலைக் கடக்கும்போது தோங்கின் விளிம்பு இரும்புக் கிராதியில் இடித்ததும் உண்மை. கிராதிக்கு நேர் மேலே, நடைபாதைக் கூரையில், ஒரு குடம் அளவுக்குத் தொங்கிய கூட்டிலிருந்து தெபுவான் குளவிகள் இறங்கின. பாலனின் கண், காது, உதடு, பிடரி என்று ஒட்டிக்கொண்டன. பாலன் தன் முகத்தைத் தானே இரண்டு கையாலும் அறைந்துகொண்டான். முதலில் தோங் உருண்டது. பின்னால் அவன் உருண்டான். மூன்றாம் மாடித் திருப்பத்தில் தோங் நின்றது, அவன் மண்டை அதில் போய் மோதியது. அதற்குப் பிறகும் குளவிகள் கொஞ்ச நேரம் அவனை விடவில்லை.

இதையெல்லாம் கன்னையா கிராதி இடுக்கு வழியாகப் பார்த்தார். பார்த்ததை மன்றத்துக்கு எழுதியும் போட்டார். பதில் வந்தது. 'இறந்தவரின் தலையிலுள்ள பள்ளம் குளவியின் எந்த உறுப்போடும் பொருந்தவில்லை.'

கன்னையாவுக்குப் பாலனை நினைத்தும் துக்கம்தான். ஆனால் அதைவிடப் பெரிய பயம் ஒன்று வீட்டுக்குள் இருந்தது. அவர் மனைவி நல்லம்மாளை ஒருமுறை கிள்ளான் பாசாரில் ஒரே ஒரு குளவி கொட்டியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் தொண்டை அடைத்து, முகம் நீலம் பாரித்து, டாக்டர்கள் நெஞ்சில் ஏறி அமுக்கி அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். "இன்னொரு கொட்டு பட்டா இங்க வரைக்கும் வந்து சேரமாட்டாங்க அங்கிள்" என்று சொல்லி அனுப்பினார்கள். கூடு தேங்காய் அளவுக்கு வளர்ந்தபோதே அவள் வெளியே போவதை நிறுத்திவிட்டாள். சன்னல்களை அடைத்து, இடுக்கெல்லாம் பழந்துணி திணித்து, புழுக்கத்தில் ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு ஒரே வாசல். அந்த வாசலுக்கு மேலே கூடு.

வீடு இருந்த மேரு வட்டாரத்துத் தொழிற்சாலைகளுக்கெல்லாம் லோரி ஓட்டி, ஹார்ன் சத்தத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவர் கன்னையா. இப்போது கூட்டுக்குப் பயந்து தன் வீட்டு வாசலிலேயே தவழ்ந்து போய்த் தவழ்ந்து வந்தார். கூட்டைக் கலைக்கிற ஆள் ஒருவனைப் பிடித்தார். அவன் அண்ணாந்து பார்த்துவிட்டு, கிராதியில் ஒட்டியிருந்த நோட்டீஸைக் காட்டினான். மன்றத்தின் ஆபத்துச் சான்று இல்லாமல் கூட்டைத் தொடுபவருக்குச் சிறை.

"சான்று வாங்கிட்டு வாங்க அங்கிள். அர மணியில முடிச்சிருவேன். இல்லாம தொட்டா நான் உள்ள போயிடுவேன், நீங்களும் உள்ள போயிடுவீங்க. அப்புறம் ஆன்ட்டிக்குச் சோறு யாரு போடுறது?"

அதனால் கன்னையா கொமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸுக்குப் போனார்.

கூடுவாழ் குளவி நிர்ணய மன்றம் ஒரு புடவைக் கடைக்கு மேலே மூன்று மாடிகளில் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கூடத்தின் நடுவில் ஒரு கன்றுக்குட்டி அளவுக்கு ஆண் குளவி ஒன்றைப் பிளாஸ்டரில் செய்து வைத்திருந்தார்கள். அதன் வயிற்றைத் திறந்து, சுரப்பிகளுக்குச் சிவப்பும் மஞ்சளும் பச்சையும் பூசியிருந்தார்கள். மல்லிகைச் சரம் வேறு போட்டிருந்தார்கள்.

மணி அடித்தது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். உமா என்கிற குமாஸ்தாப் பெண் முன்னால் வந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

"தாடைச் சுரப்பி?"

"உண்டு" என்றது அலுவலகம்.

"வயிற்றுத் தகட்டுச் சுரப்பி?"

"உண்டு."

"நச்சுச் சுரப்பி?"

"இல்லை."

"நச்சுப் பை?"

"இல்லை."

"கொடுக்கு?"

"இல்லை! இல்லை! இல்லை!"

மூன்றாவது 'இல்லை'க்குக் கன்னையாவும் கூடச் சேர்ந்து கத்திவிட்டார். கோயில் பழக்கம்.

மன்றத்தின் இயக்குநர் டத்தோ டாக்டர் நாகப்பன் அவரை உட்காரச் சொன்னார். கன்னையா பாலனைப் பற்றிச் சொன்னார். நல்லம்மாளின் தொண்டையைப் பற்றிச் சொன்னார். நாகப்பன் ஒரு குழந்தை பாடுவதைக் கேட்பதுபோல் தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"மிஸ்டர் கன்னையா, நீங்க குளவின்னு சொல்றப்போ எதச் சொல்றீங்க? பயத்தச் சொல்றீங்க. நாங்க சொல்றது உடற்கூறு. இந்த மேசைக்கு வந்த ஒவ்வொரு குளவியையும் நான் அறுத்துப் பாத்திருக்கேன். உணர்கொம்புல பதிமூணு கணு. வயித்துல ஏழு வளையம். வயித்துத் தகட்டுக்கு அடியில சுரப்பி. அதக் கிளையில, கம்பியில தேச்சு வாசனை வைக்கும், ஜோடி தேடி. அவ்வளவுதான் அதோட வாழ்க்கை. கடைசி வளையத்துல என்னா இருக்கு தெரியுமா?"

"கொடுக்குங்களா?"

"இனப்பெருக்க உறுப்பு. பாவம், அத வச்சு அது யார என்னா செய்ய முடியும்? மன்றம் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து இன்னிக்கி வரைக்கும் ஒரு கொடுக்குகூட நாங்க கண்டதில்ல."

கன்னையாவுக்கு அப்போது ஒரு சந்தேகம் வந்தது. "எல்லாமே ஆம்பளக் குளவியா டத்தோ?"

"எல்லாமே."

"அப்ப முட்ட யாரு போடுறது? கூட்ட யாரு கட்டுறது?"

"கட்டுறது கட்டுமான இலாகா சமாச்சாரம். இது உடற்கூறு மன்றம்."

மாதிரி எடுக்க ஆள் அனுப்புவதாகச் சொன்னார். மாதிரி வெறுங்கையால்தான் எடுக்கப்படும். புகையும் மருந்தும் சுரப்பியைக் கெடுத்துவிடும், வலை இறக்கையைக் கெடுத்துவிடும். பிடிபடும்போது கலவரப்பட்ட குளவி மாதிரியில் சேராது. நிதானம் இழந்த ஒன்று தன் இனத்துக்குப் பிரதிநிதி ஆக முடியாது என்பது மன்றத்தின் முதல் விதி.

மாதிரி எடுக்க வந்தவன் பெயர் பிரவின். அவனுடைய வலது கை இடது கையைப்போல் இரண்டு மடங்கு இருந்தது. விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பலாச்சுளைபோல் இருந்தன. ஏணியைச் சாத்தி, ஏறி, கூட்டின் வாயில் கையை வைத்தான்.

முதல் குளவி கட்டை விரலில் கொட்டியது. "சேராது!" என்று கத்தி உதறினான். இரண்டாவது உள்ளங்கையில். "சேராது!" மூன்றாவது கண் இமையில் உட்கார்ந்தது. அதற்கு அவன் எதுவும் சொல்லவில்லை, அலறினான். ஏணி சாய்ந்தது. கிராதியில் வாய் இடித்து முன்பல் ஒன்று தெறித்தது. நடைபாதையில் அவன் புரண்டு புரண்டு தன் கழுத்தைத் தானே அடித்துக்கொண்டான். ஒன்றை அடித்து நசுக்க, அதன் விஷ வாசனைக்கு இன்னும் பத்து வந்தன. படிக்கட்டு வரைக்கும் உருண்டு, இரண்டு மாடி இறங்கி ஓடி, மறுபடியும் தவழ்ந்து ஏறி வந்தான்.

வந்தவன், குழல்விளக்கைச் சுற்றி வேலையில்லாமல் பறந்துகொண்டிருந்த மூன்று குளவிகளைப் பார்த்தான். கொம்பு நீளமானவை. ஒன்று விளக்குப் பட்டையில் வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பூப்பறிப்பதுபோல் எடுத்துக் குப்பியில் போட்டான். ஒன்று அவன் விரலில் வால் நுனியைக் குத்திக் குத்திப் பார்த்தது. ஒன்றும் ஆகவில்லை.

"பாருங்க அங்கிள், கொட்டுற மாதிரி ஆக்டிங் கொடுக்குது" என்றான். உதட்டிலிருந்து ரத்தம் ஒழுகியது. "மாதிரி பூர்த்தி."

கிராதிக்குப் பின்னாலிருந்து கன்னையா கேட்டார். "தம்பி, கொட்டுனதையெல்லாம் ஒதறிட்டீங்களே?"

"கொட்டுனா யாரு கையில வச்சுக்கிட்டு இருப்பா? நான் என்னா கீலாவா, பைத்தியமா?"

"அப்ப அங்க போறது எல்லாமே கொட்டாததுதான்."

"ஆமாலா அங்கிள். அதனாலதான் ரிப்போர்ட் எப்பவும் ஒரே மாதிரி வருது. டத்தோவுக்கு அதுல ரொம்ப பெரும."

சொல்லிவிட்டு மயக்கம் போட்டு விழுந்தான். அறிக்கை மறுவாரம் வந்தது. மூன்றும் ஆண். கூடு ஆபத்தற்றது. மாதிரி எடுத்த அதிகாரியின் காயங்களுக்கு ஏணி பொறுப்பு.

அன்று மாலை அரிசி வாங்கிக்கொண்டு திரும்பிய கன்னையாவின் பிடரியில் ஒன்று கொட்டியது. அவர் வலியைப் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி அதைச் சுவரோடு வைத்து அறைந்தார். அது வால் நுனியில் ஊசியை நீட்டியபடி செத்தது. அதை மைலோ டின்னில் போட்டு, வீங்கிய கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு, மறுபடியும் பிரிக்பீல்ட்ஸுக்கு ரயில் ஏறினார்.

நாகப்பன் நுண்நோக்கியில் குனிந்தார். வெகுநேரம் குனிந்தே இருந்தார்.

"இது என்னா?"

"கொடுக்கு டத்தோ."

"நீங்க இத அடிச்சீங்களா?"

"அடிச்சேன்."

நாகப்பன் நிமிர்ந்தார். முகத்தில் நிம்மதி வந்திருந்தது. "அதான். உள்ள இருக்க வேண்டியது நசுங்கிப் பிதுங்கி கூர்மையா வெளிய வந்திருக்கு. இது உறுப்பு இல்ல. காயம். உமா, எழுதிக்கம்மா. கொடுக்கை உண்டாக்கியவர் கன்னையா."

உமா எழுதினாள். பிறகு அவளும் குனிந்து பார்த்தாள். "டத்தோ, கொம்புல கணு பன்னெண்டுதான் இருக்கு."

"ஒண்ணு செருப்புல ஒட்டியிருக்கும்."

"வயித்துல வளையமும் ஆறுதான்."

"அதுவும் செருப்புலதான் இருக்கும்."

வாசலில் கழற்றி வைத்திருந்த அடித்த செருப்பைச் சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்கள். மிஞ்சிய ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற கன்னையாவிடம் நாகப்பன் பரிவோடு பேசினார்.

"ஒங்க கஷ்டம் எனக்குப் புரியுது. ஒரு நல்ல முடிவு எடுத்திருக்கேன். அந்த வாசல்ல ரெண்டு உயிர் இருக்கு. ஒண்ணு ஆபத்தில்லாததுன்னு நிரூபணமான கூடு. இன்னொண்ணு பயந்துகிட்டே இருக்கிற ஒங்க மனைவி. பயத்துக்கு வாசனை உண்டு, அந்த வாசனை குளவிய சங்கடப்படுத்துது. அதனால ஒங்க மனைவிய அப்புறப்படுத்துறோம்."

"எங்க?"

"பந்திங்ல எங்களுக்கு ஒரு பயம் தெளியிற முகாம் இருக்கு. செம்பனைத் தோட்டத்துக்கு நடுவுல, காத்தோட்டமான கொட்டகை. கூரையில பன்னெண்டு கூடு. எல்லாம் சான்று பெற்றது."

"வீட்ட விட்டு அவளை எப்படிங்க வெளிய கொண்டு வருவீங்க?"

"வாசல் வழியாத்தான். வேற வழி இருக்கா?"

அவர்கள் ஒரு சனிக்கிழமை காலையில் வந்தார்கள். நாகப்பன் வெள்ளைக் கோட்டில், கையில் நல்லம்மாளுக்குப் போட ஒரு மாலையோடு வந்தார். பிரவின் படம் பிடிக்கக் கைப்பேசியோடு வந்தான். காவலாளிகள் இரண்டு பேர் தடியோடு வந்தார்கள். நாகப்பன் கூட்டுக்கு நேர் கீழே நின்று, மூடியிருந்த கிராதியைப் பார்த்துப் பேச ஆரம்பித்தார்.

"அம்மா நல்லம்மாள், வெளிய வாங்க. ஒங்கள ஒண்ணும் செய்யாது. நான் நிக்கிறேன் பாருங்க. ஆதாரத்துக்குக் கீழதான் நிக்கிறேன்."

"கொஞ்சம் தள்ளி நின்னு பேசுங்க டத்தோ" என்றார் கன்னையா உள்ளேயிருந்து. "மெதுவாவாச்சும் பேசுங்க."

"கதவத் தொறங்க."

"தொறக்க மாட்டேன்."

"உத்தரவு இருக்கு."

"நான் செத்தாலும் தொறக்க மாட்டேன். போங்க."

நாகப்பன் காவலாளிகளைப் பார்த்துத் தலையசைத்தார். தடிகள் இரண்டும் கிராதியில் இறங்கின. கட்டடமே அதிர்ந்தது. மூன்றாவது அடியில் கூட்டின் அடிப்பகுதி பிய்ந்து நாகப்பனின் தோளில் விழுந்தது.

அதற்குப் பிறகு நடந்ததைக் கன்னையா பார்க்கவில்லை. கிராதிக்கு உள்பக்கத்து மரக்கதவை அறைந்து சாத்திவிட்டு அதில் முதுகைக் கொடுத்து நின்றார். கேட்டார். கேட்டதே போதுமாக இருந்தது. நான்கு மனிதர்கள் நான்கு விதமாக அலறினார்கள். ஒருவன் அம்மாவைக் கூப்பிட்டான். தடி படியில் உருண்டு போனது. யாரோ யாரையோ அறைந்தார்கள். அறை வாங்கியவன் மலாயில் திட்டினான். கிராதியை எட்டுக் கைகள் பிடித்து உலுக்கின. உலுக்க உலுக்கக் கூட்டிலிருந்து இன்னும் இறங்கின.

"கன்னையா! தொறங்க! ஐயா! தொறங்க!"

"ஆபத்து இல்லாததுதான டத்தோ, ஏன் கத்துறீங்க?" என்றார் கன்னையா.

அடுப்படியிலிருந்து நல்லம்மாள் தலையை நீட்டினாள். "யாரு அலறுறது?"

"ஒன்னக் கூட்டிட்டுப் போக வந்தவங்க."

"செத்துருவாங்க போலருக்கே. தொறந்து விடுங்க."

"தொறந்தா நீ செத்துருவ."

அவள் ஈரத்துண்டுகளை அள்ளிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கதவின் அடியிடுக்கில் துண்டு நுழைவது தெரிந்தது. உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். "இப்ப தொறங்க."

கன்னையா மரக்கதவைத் திறந்து, கிராதியின் பூட்டையும் திறந்து விலகினார். நான்கு பேரும் ஒரே உடம்பாக உள்ளே வந்து விழுந்தார்கள். அவர்களோடு நாற்பது ஐம்பது குளவிகளும் வந்தன. கன்னையா கிராதியையும் கதவையும் மறுபடியும் சாத்தினார்.

அந்தச் சிறிய கூடத்தில் ஒரு யுத்தமே நடந்தது. பெரிய காவலாளி அரிசி வாளியில் தலையை விட்டுக்கொண்டான், முதுகு வெளியே இருந்தது. இன்னொருவன் மெத்தை உறையைத் தூக்கி எல்லாரையும் பொதுவாக அடித்தான். கன்னையா விளக்கமாற்றால் விளாசினார், சில சமயம் குளவி மேல் பட்டது. நாகப்பனின் மூக்கில் ஒன்று உட்கார்ந்திருப்பதைக் கண்ட பிரவின் தோசைக்கல்லை எடுத்தான். "டத்தோ, அசையாதீங்க!" என்று சொல்லிவிட்டு முழு பலத்தோடு இறக்கினான். மூக்கு உடைந்தது. குளவி பறந்துவிட்டது. பிரவின் மறுபடியும் அடித்தான். மூன்றாவது அடி, அவரிடம் வேலை பார்த்த இவ்வளவு வருஷத்துக்கும் சேர்த்து அடித்ததுபோல் இருந்தது.

கடைசியில் சத்தம் அடங்கியது. தரையெல்லாம் செத்த குளவிகள். பிரவின் வீங்காத கையால் ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான்.

"டத்தோ, முழுசா இருக்கு. ஒரு பக்கம்கூட நசுங்கல. கொம்பு பன்னெண்டு கணு. கொடுக்கு இருக்கு. விஷப் பைகூட இருக்கும், அறுத்துப் பாத்தா."

நாகப்பனுக்கு ஒரு கண் மூடிவிட்டது. இன்னொன்று மூடிக்கொண்டிருந்தது. அந்த இடுக்கால் குளவியைப் பார்த்தார்.

"இது வீட்டுக்குள்ள செத்தது" என்றார். உதடு தடித்து வார்த்தை வழுக்கியது. "வீட்டுக்குள்ள மன்றத்துக்கு அதிகாரம் இல்ல. கீழ போடு. நாம கெளம்புவோம்."

யாரும் கிளம்பவில்லை. மரக்கதவின் மறுபக்கத்தில் ஆலங்கட்டி மழைபோல் குளவிகள் மோதிக்கொண்டிருந்தன. அந்த வீட்டுக்கு ஒரே வாசல் என்பது அப்போதுதான் மன்றத்துக்கு உறைத்தது.

நாகப்பன் கைப்பேசியை எடுத்துத் தன் அலுவலகத்துக்கே போன் செய்தார். ஒலிபெருக்கியில் உமாவின் குரல் இனிமையாக வந்தது.

"கூடுவாழ் குளவி நிர்ணய மன்றம், வணக்கம்."

"உமா, நாந்தான் பேசுறேன். மேருவுல மாட்டிக்கிட்டோம். கூட்ட உடனே கொளுத்த ஆள் அனுப்பு."

"ஆபத்துச் சான்று இருக்குங்களா?"

"நான் டத்தோ பேசுறேன்மா!"

"கொரல் அவர் மாதிரி இல்லீங்களே. டத்தோ ஒருநாளும் கெஞ்சமாட்டாரு அங்கிள். பயப்படாதீங்க. மொதல்ல வெறுங்கையால மூணு குளவி புடிச்சு அனுப்புங்க. கலவரப்பட்டது சேராது."

"உமா, என்னைக் கொட்டிருச்சு!"

"அது உங்க பயம் அங்கிள்" என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

நாகப்பன் கைப்பேசியைப் பையில் போட்டார். பிறகு அலமாரி மேலிருந்த கொசு மருந்து டின்னை எடுத்தார். அடுப்படிக்குப் போய் லைட்டரை எடுத்தார். கன்னையா, "டத்தோ, சிறை!" என்றார். நாகப்பன் காதில் வாங்கவில்லை. மரக்கதவை ஒரு சாண் திறந்து, கிராதிக் கம்பிகளுக்கு நடுவே கையை நீட்டி, டின்னை அமுக்கி லைட்டரைத் தட்டினார்.

நெருப்பு ஒரு ஆள் நீளத்துக்குப் பாய்ந்தது. காகிதக் கூடு ஒரே மூச்சில் பற்றியது. எரியும் குளவிகள் சாமிக்குப் போடும் சாம்பிராணிபோல் பொரிந்து விழுந்தன. கூட்டின் அடுக்குகள் ஒவ்வொன்றாகக் கழன்று, உள்ளே புழுக்களோடு, கிராதிமேல் விழுந்து சிதறின. நாகப்பன் விடவில்லை. புருவம் கருகியது, முன்மயிர் கருகியது. "இல்லை! இல்லை! இல்லை!" என்று கத்திக்கொண்டே, கூரையில் வெறும் கரி வட்டம் மட்டும் மிஞ்சும் வரைக்கும், அதற்குப் பிறகு டின் காலியாகும் வரைக்கும் அடித்தார்.

குளியலறைக் கதவை ஒரு விரல் அளவுக்குத் திறந்து நல்லம்மாள் அதைப் பார்த்தாள்.

சான்றில்லாமல் ஒரு கூடு கொளுத்தப்பட்டிருக்கிறது. மன்றம் சும்மா இருக்க முடியாது. நாகப்பனும் மற்ற மூவரும் கிளம்பிப் போனதும், விசாரணை முடியும்வரை வீட்டிலிருந்து யாரும் வெளியேறக் கூடாது என்று அன்று மாலையே உத்தரவு ஒட்டினார்கள். இரண்டு நாள் கழித்து விசாரணைக்குழு வந்தது. தலைவர், நாகப்பன். மூக்கில் கட்டு, கறுப்புக் கண்ணாடி, புருவம் இருந்த இடத்தில் மையால் தீட்டிய இரண்டு கோடு. செயலாளர், பிரவின். உமாவும் வந்திருந்தாள். சாத்திய கதவுக்கு உள்ளே, கூடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள்.

நல்லம்மாளைச் சாட்சியாக நிறுத்தினார்கள். மன்றத்துக்குக் கேட்கத் தெரிந்த கேள்வி ஒன்றுதான்.

"கூட்டைக் கொளுத்தியது ஆணா, பெண்ணா?" என்று கேட்டான் பிரவின். கேட்டுவிட்டு முகட்டைப் பார்த்தான்.

நல்லம்மாள் கறுப்புக் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். "ஆம்பள."

"உறுதியா?"

"ரெண்டு கண்ணாலயும் பாத்தேன்."

நாகப்பன் மெல்ல மூச்சு விட்டார். கட்டுப் போட்ட மூக்கில் அது விசில்போல் கேட்டது. "ஆண் என்றால் நச்சுச் சுரப்பி கிடையாது. நச்சுப் பை கிடையாது. கொடுக்கு கிடையாது. தீங்கு செய்வதற்கான உறுப்பு எதுவும் அவர் உடம்பில் இல்லை. தீங்கு நடக்கவில்லை. விசாரணை முடிந்தது."

"அப்ப பாலனக் கொன்னது?" என்று கேட்டார் கன்னையா.

"அதுதான் போன விசாரணையிலயே சொல்லியாச்சே" என்றாள் உமா.

கையெழுத்துப் போட்டார்கள். எழுந்தார்கள். பிரவின் மரக்கதவைத் திறந்து கிராதியையும் தள்ளினான். அப்படியே பின்வாங்கினான்.

கூடு எரிந்த அன்று வெளியே சுற்றிக்கொண்டிருந்த சில குளவிகள் திரும்பி வந்திருந்தன. ஐந்தாறு இருக்கும். கூரையின் கரி வட்டத்தைச் சுற்றிப் பறந்தன. இரண்டு, கிராதிக் கம்பியில் உட்கார்ந்து வயிற்றைத் தேய்த்துக்கொண்டிருந்தன. பிரவின் அன்று குப்பியில் போட்டவற்றைப்போல் கொம்பு நீளமாக இருந்தது.

"தெபுவான்!" என்றார் நாகப்பன்.

நாற்காலிகள் சாய்ந்தன. நாகப்பன் உமாவைத் தள்ளிக்கொண்டும், உமா பிரவினைத் தள்ளிக்கொண்டும் குளியலறைக்குள் ஓடினார்கள். கதவில் யாருடைய விரலோ நசுங்கியது. தாழ்ப்பாள் விழுந்தது.

கூடு எரிந்துவிட்ட தைரியத்தில் நல்லம்மாள் வாசற்படி வரைக்கும் வந்து நின்றிருந்தாள். ஓடுவதற்கு இடம் இல்லை, குளியலறையில் ஆள் இருந்தது. குளவி ஒன்று கம்பியை விட்டு எழுந்து, அரை வட்டம் அடித்து, அவள் மணிக்கட்டில் உட்கார்ந்தது.

கன்னையா மீதமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் எடுத்தார். ஓங்கவில்லை. ஓங்கினால் கொட்டும், ஓங்காவிட்டாலும் கொட்டும். குளவி வயிற்றை வளைத்தது. வால் நுனியை அவள் தோலில் வைத்து அழுத்தியது. எடுத்தது. மறுபடியும் அழுத்தியது. நல்லம்மாள் கண்ணை மூடி, தொண்டை அடைக்கக் காத்திருந்தாள். கன்னையா அவள் தொண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மூச்சு உள்ளே போனது. வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போனது.

"கொட்டிருச்சா?" என்றார் கன்னையா.

அவள் கண்ணைத் திறந்து கையைப் பார்த்தாள். குளவி இன்னும் மும்முரமாகக் குத்திக்கொண்டிருந்தது. தோலில் ஒரு புள்ளிகூட விழவில்லை.

"பாவலா காட்டுது" என்றாள். கையை உதறினாள். அது போய்க் கம்பியில் உட்கார்ந்துகொண்டது. அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, கரியை மிதித்து, நடைபாதையில் வெயில் விழுந்த இடத்துக்குப் போய் நின்றாள். பிறகு கைப்பிடியைப் பிடித்துப் படி இறங்க ஆரம்பித்தாள்.

குளியலறையிலிருந்து நாகப்பனின் குரல் வந்தது. "யாராச்சும் இருக்கீங்களா? மொதல்ல வாசக் கதவ மூடுங்க! நல்லா மூடுங்க!"

கன்னையா வெளியே வந்தார். மரக்கதவைச் சாத்தினார். கிராதியை இழுத்து மூடி, பூட்டைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மனைவிக்குப் பின்னால் இறங்கினார்.